பேசாதீங்க என்று சொன்னவள் நான்

ரக்ஷிதாவின் நச்சரிப்பு தாங்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மைசூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் முப்பத்தாறு வருடம் டீச்சராக இருந்தவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ரக்ஷிதா அதே பள்ளியில் இப்போதும் வேலை பார்க்கிறாள். என் மகள் வயது. இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் முன்னால் நான் வந்து பேச வேண்டுமாம். புதிய கருவிகள் வந்த பிறகு எங்கள் வகுப்பறை எப்படி மாறியது என்று சொல்ல வேண்டுமாம். முட்டி வலியோடு மேடை ஏற முடியாது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று வந்து நின்றாள்.

"கன்னடத்துல நோட்டு திருத்துவேன், பாடம் நடத்துவேன். மனசுல இருக்கறதை எழுதணும்னா எனக்குத் தமிழ்தான்டி வரும். உனக்கோ தமிழ்ல அ, ஆ கூடத் தெரியாது. யார் படிக்கறது?"

ரக்ஷிதா வீட்டிலும் தமிழ்தான். ஆனால் படித்ததெல்லாம் கன்னடம், பேச்சும் பாதிக்கு மேல் கன்னடம்.

"அதுக்கெல்லாம் டென்ஷன் பேடா மிஸ். நீங்க எழுதுங்க, அஷ்டே, அவ்ளோதான். போனை அது மேல காட்டினா அதுவே கன்னடத்துல மாத்திக் குடுத்துடும்."

"என் கையெழுத்தையா? என் வீட்டுக்காரரே படிக்கத் திணறுவார்."

அவள் மேசை மேல் கிடந்த என் மளிகைச் சீட்டை எடுத்து, அதன் மேல் போனைப் பிடித்தாள். கோழிக் கிறுக்கலில் நான் எழுதியிருந்த உளுத்தம்பருப்பும் கடுகும் கண்ணெதிரே கன்னட எழுத்தாக மாறி நின்றன. பெருங்காயத்தை மட்டும் தப்பாகப் படித்தது. மாதாவே, என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இந்த ஆச்சரியம் தீரவில்லை. இதே மாதிரி ஒரு போன்தான் என் வாழ்க்கையில் ஒரு பகல் நேரத்தில் எனக்குத் தீர்ப்பும் சொன்னது. அதைத்தான் எழுதப் போகிறேன். பயிற்சிப் பிள்ளைகளுக்கு அது உதவுமோ உதவாதோ, தெரியாது.

பட்டப்படிப்பு முடித்து, வேறு வேலை கிடைக்காமல் சிறப்புப் பள்ளி டீச்சர் பயிற்சியில் சேர்ந்தவள் நான். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது எங்கள் தலைமையாசிரியை நாகரத்னா மேடத்திடம்.

மேடம் எப்போதும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நிற்பார். பிள்ளைகளுக்கு உதடு தெரிய வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், அதனால். அந்தப் பழக்கம் எலும்பு வரை ஊறிப்போய், கல்யாண வீட்டில் கூட லைட்டைத் தேடிப் போய் நின்றுதான் பேசுவார். நான் மறந்து நிழலில் நின்றால் "ஸ்டெல்லா, பெளகு!" என்பார். வெளிச்சத்துக்கு வா என்று அர்த்தம். ஆண் டீச்சர்கள் மேலுதட்டை மறைக்கிற மாதிரி மீசை வைக்கக் கூடாது. ஒருவர் புது மாப்பிள்ளை மிடுக்கில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தபோது, மேடம் மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

காலையில் முதல் வேலை காது மெஷின் சோதனை. பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். பூத்தையல் போடுகிற வட்டச் சட்டம் இருக்கிறதே, அதில் மெல்லிய கறுப்புத் துணியை இழுத்து மாட்டி வைத்திருப்பார் மேடம். அதால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்வார். சத்தம் துணி வழியாகப் போகும், உதடு தெரியாது. எந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி விழவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு மெஷினைத் திறந்து பார்ப்போம். மழைக்காலத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து பாதி மெஷின் செத்துக் கிடக்கும்.

பிறகு பேச்சுப் பயிற்சி. ஒரு கண்ணாடி முன்னால் நானும் பிள்ளையும். 'ப' சொன்னால் உதட்டுக்கு முன் பிடித்த காகிதத் துண்டு ஆட வேண்டும். 'ம' சொன்னால் மூக்கின் மேல் வைத்த விரலில் அதிர்வு தெரிய வேண்டும். என் தொண்டையில் பிள்ளையின் ஒரு கை, அதன் தொண்டையில் மறு கை. "அம்மா" என்ற ஒரு சொல்லுக்கு நாலு மாதம் போகும். அந்தச் சொல் வருகிற நாளில் நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். கையை ஆட்டி சைகையில் பேச மட்டும் விட மாட்டோம். சைகை வந்தால் வாய்ப்பேச்சு வராது என்பது எங்கள் பள்ளியில் சட்டம். கையைக் கட்டு, வாயால் சொல் என்று அதட்டுவோம். நானே அதட்டியிருக்கிறேன், அதுவும் நன்றாகவே அதட்டுவேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. 'ஒந்தே பாஷெ' என்பார் மேடம், ஒரே மொழி. பிள்ளைக்கு விழுகிற சத்தமே கொஞ்சம், அதை இரண்டு மொழிக்குப் பங்கு போடக் கூடாது என்பார். பள்ளியில் கன்னடம், ஆகவே வீட்டிலும் கன்னடம். அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

தர்ஷினியைச் சேர்க்க வந்த அன்று எனக்கு நல்ல நினைவு. ஆறு வயது, இரட்டைச் சடை, அம்மாவின் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கத்து ஊர். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், கன்னடமும் தமிழும் பேசினார். அம்மா செல்வி, அந்தியூரிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மேடம் கன்னடத்தில் விளக்க விளக்க, அந்தப் பெண் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. "ஸ்டெல்லா, நீ உன் பாஷையில சொல்லு" என்று மேடம் என்னிடம் விட்டார்.

"இங்க பாருங்கம்மா" என்று ஆரம்பித்தேன். "உங்க பொண்ணுக்குக் கேக்கறதே கொஞ்சூண்டு. அதுல ரெண்டு பாஷையைத் திணிச்சா ரெண்டும் வராது. இனிமே வீட்லயும் கன்னடம்தான். அவகிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசாதீங்க. பேசினா அவளுக்குப் பேச்சே வராமப் போயிடும்."

"எனக்குக் கன்னடம் வராதுங்களே டீச்சர்."

"கத்துக்கோங்க. பெத்த புள்ளைக்காக இது கூடச் செய்ய மாட்டீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னிடமே கேட்டுக் கேட்டுச் சில வார்த்தை கற்றுக்கொண்டாள். வா என்பதற்கு 'பா'. சாப்பிடு என்பதற்கு 'ஊட்டா மாடு'. 'நீரு', தண்ணீர். 'மல்கோ', படுத்துக்கொள். 'ஹோகு', போ. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். கிளம்பும்போது திரும்பி வந்து, "நல்ல புள்ளைன்னு சொல்றதுக்கு என்னங்க டீச்சர்?" என்றாள். 'ஜாணெ' என்று சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தாய் தேறிவிடுவாள் என்று மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

தர்ஷினி எங்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். கெட்டிக்காரி. உதட்டைப் பார்த்தே முழு வாக்கியத்தையும் பிடித்துவிடுவாள். 'ஹ' ஒலி மட்டும் வராமல் என்னை ஒரு வருடம் படுத்தி எடுத்தாள். உள்ளங்கையில் மூச்சை ஊதச் சொல்லிச் சொல்லி என் மூச்சே போயிற்று. வந்த பிறகு, அந்த வகுப்பிலேயே தெளிவான பேச்சு அவளுடையதுதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் செல்வி கொள்ளேகால் வழியாக பஸ் மாறி வந்து அழைத்துப் போவாள். "வீட்ல எப்படிம்மா?" என்று கேட்பேன். "நீங்க சொன்னபடியே இருக்கறனுங்க டீச்சர்" என்பாள். "அதான் இவ இவ்வளவு நல்லா பேசறா" என்று தட்டிக் கொடுத்து அனுப்புவேன். வருடா வருடம் இதே பேச்சு, இதே பதில். கன்னடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மேடம் ஓய்வு பெற்றார். மூத்தவள் என்பதால் பள்ளிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொஞ்ச நாளில் கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டு, போனில் வீடியோ பாடம் அனுப்பினோம். திரும்பத் திறந்தபோது எல்லோர் வாயிலும் மாஸ்க்! உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பிள்ளைகள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். முப்பது வருட வித்தை அத்தனையும் ஒரு முழத் துணிக்குப் பின்னால் போய்விட்டது. பிள்ளைகள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் பாதி வகுப்பில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ரக்ஷிதா அப்போதுதான் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். கை நிறைய சைகை தெரிந்தவள். வந்த இரண்டாம் நாளே எனக்கும் அவளுக்கும் சண்டை. "கையை ஆட்டாதே, பிள்ளைங்க கெட்டுப் போவாங்க" என்றேன். "மிஸ், அவங்க நமக்குத் தெரியாம விடுதியில கையாலதான் பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் பார்த்ததில்ல" என்றாள். ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. பிறகு அவளே ஒரு போனையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து நின்றாள்.

"மிஸ், ஸ்வல்ப பொறுங்க. இந்தக் குட்டி மைக்கைச் சேலையில மாட்டிக்கோங்க. நீங்க எப்பவும் போலப் பாடம் நடத்துங்க, அஷ்டே."

வேண்டா வெறுப்பாக மாட்டிக்கொண்டேன். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். படம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். எங்கள் தொழிலில் பலகைப் பக்கம் திரும்பினால் வாயை மூடிவிட வேண்டும், ஏனென்றால் முதுகு பேசாது. நானும் பாடத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் எரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு எரிச்சலும் கன்னடத்தில்தான் வரும். "இந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லை, என் உயிரை வாங்கறா" என்று மாஸ்க்குக்குள் முணுமுணுத்தேன்.

பின்னால் வகுப்பே குபீரென்று சிரித்தது.

சாக்பீஸ் கையோடு திரும்பினேன். திரையில் நான் முணுமுணுத்தது அத்தனையும் கொட்டை எழுத்தில் நின்றது. 'உயிரை வாங்கறா' என்பது வரை. ரக்ஷிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். பிள்ளைகள் டெஸ்க்கைத் தட்டிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, புல்லரித்துவிட்டது. என் முதுகு பேசியது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது! முகம் பார்க்காமல், மாஸ்க்கைத் தாண்டி, முணுமுணுப்பு கூட. முப்பது வருடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் முன்வரிசை முதலில் சிரிக்கும், அது பின்வரிசைக்குச் சொல்லி, அவர்கள் சிரிக்கும்போது நான் அடுத்த பாடத்தில் இருப்பேன்.

அன்றிலிருந்து என் வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. கேள்வியே கேட்காத பிள்ளைகள் கேள்வி கேட்டே என்னைக் கொன்றார்கள். நான் நேற்று சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் போனில் நேற்றைய எழுத்தைத் திறந்து காட்டினார்கள். மழை பெய்தால் சத்தம் வருமா, என்ன சத்தம் என்று ஒருத்தி கேட்டாள். ஜன்னல் பக்கம் போய்ப் பேசினால் வெளியே போகிற காய்கறி வண்டிக்காரன் கூவுவதைக் கூட அது எழுதிவிடும். தக்காளி விலை இவ்வளவா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தெருவில் ஒரு மனிதர் விலையைக் கத்திக்கொண்டு போவார் என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மெஷின் தப்பும் செய்யும், சில நாள் நெட் வராமல் மொட்டைத் திரை நிற்கும். ஆனாலும் தினமும் காலையில் அந்தக் குட்டி மைக்கை மாட்டும்போது எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சு படபடக்கும்.

தர்ஷினி பத்தாவது வந்தாள். தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், 'என் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். அவள் நோட்டை வீட்டில் வைத்துத் திருத்தினேன். ஆடு எத்தனை, மரம் எத்தனை என்று தொடங்கியது. பாதிக்கு மேல் இப்படி எழுதியிருந்தாள்:

'என் அம்மா என்னிடம் ஐந்து வார்த்தை பேசுவாள். வா, சாப்பிடு, தண்ணீர், படு, போ. தம்பியிடம் நாள் முழுவதும் பேசுவாள். நான் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள். கொரோனாவில் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். அப்போதும் ஐந்து வார்த்தைதான். எனக்குக் காது கேட்காது, அதனால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. பத்தாவது முடிந்ததும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். இனி எப்போதும் போக மாட்டேன்.'

எனக்குச் செல்வி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன பொம்பளை இவள், காது கேட்கிற பையன் என்றால் ஒரு நியாயம், இந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயமா? வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று நோட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். தர்ஷினி சொன்னதில் உறுதியாகத்தான் இருந்தாள். பெங்களூரில் காது கேளாத பெண்களுக்கான ஒரு தொழிற்பயிற்சி விடுதிக்கு மனு எழுதி வைத்திருந்தாள். அது திறக்கிற வரை ரக்ஷிதா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாள்.

விடுதி மூடுகிற நாள் வந்தது. முற்பகலில் செல்வி வந்தாள். பையில் பலாச்சுளையும், மகளுக்கு ஒரு புதுச் சுடிதாரும். தர்ஷினி என் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் பின்னிக்கொண்டு எழவே மாட்டேன் என்றாள். 'பா' என்று அம்மா கையை நீட்டினாள். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னாச்சுங்க டீச்சர்? என்ற புள்ளைக்கு ஒடம்பு சொகமில்லைங்களா?"

நான் நோட்டைத் திறந்தேன். கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். குரலில் கடுகடுப்போடுதான் படித்தேன். ரக்ஷிதா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். படித்து முடித்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று அதட்டினேன்.

செல்வி விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு, "அஞ்சு இல்லைங்க டீச்சர், ஆறு" என்றாள். "ஜாணெ-ன்னும் சொல்லுவனுங்க. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"ஆறு வார்த்தையில ஒரு புள்ளையை வளர்ப்பாங்களாம்மா? வாயைத் திறந்து பேச வேண்டியதுதானே?"

"எனக்கு அதுக்கு மேல கன்னடம் வரலீங்களே. ஊர்ல பூராத் தமிழ். ஆருகிட்டக் கத்துக்கறது? அவங்க அப்பன் வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. தமிழ் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? பேசுனா பேச்சே வராமப் போயிரும்னீங்க. தம்பிகிட்டப் பேசறப்ப இவ பாத்தா, என்ற வாயைப் பாத்துக் கொழம்பிருவாளோன்னு பயந்துதானுங்க மூடிக்குவேன்."

நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் அந்தத் தாய் பத்து வருடம் காப்பாற்றியிருக்கிறாள். நீங்க சொன்னபடியே இருக்கறனுங்க என்று வருடா வருடம் என் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறாள். நான் அவளைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன். கொரோனாவில் ஒன்றரை வருடம் ஒரே கூரைக்குக் கீழே அம்மா வாயை மூடிக்கொண்டும் மகள் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். நான் இங்கே பாட வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ரக்ஷிதா வந்து தன் போனை எடுத்தாள். இரண்டு மொழியைத் தேர்ந்தெடுத்து, மேசையில் செல்விக்கும் தர்ஷினிக்கும் நடுவில் வைத்தாள். "அம்மா, நீங்க தமிழ்ல பேசுங்க. அவ கன்னடத்துல படிச்சுக்குவா" என்றாள். தர்ஷினியிடம் கையால் ஏதோ சொன்னாள். அவள் ஓரக்கண்ணால் போனைப் பார்த்தாள்.

செல்வி போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேசலாமுங்களா டீச்சர்?"

என் உயிரே போய்விட்டது. பெற்ற மகளிடம் பேச என்னிடம் அனுமதி கேட்கிறாள். பேசுங்க, பேசுங்க என்று கையைத்தான் ஆட்ட முடிந்தது.

"கண்ணு" என்றாள் செல்வி. திரையில் கன்னடத்தில் கண் என்று விழுந்தது. தர்ஷினி குழம்பிப் போய்த் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ரக்ஷிதா சிரித்துக்கொண்டே, அது உன்னைக் கொஞ்சிக் கூப்பிடுகிற வார்த்தை என்று கையால் சொன்னாள். செல்வி மறுபடி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"உன்னையப் பிடிக்காம இல்ல கண்ணு." எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. செல்வி வாய் அசைய அசைய, அந்தியூர்த் தமிழ் கன்னடமாகித் திரையில் ஓடுகிறது. "நீ தூங்கறப்ப உன்றகிட்டப் பேசுவேன். கண்ணு மூடியிருந்தா என்ற வாய் தெரியாதல்ல, நீ கொழம்ப மாட்ட. மூணு வயசுல காச்சல் வந்து உனக்குக் காது போச்சு. அதுக்கு முன்னால நீ அம்மான்னு கூப்புடுவ. தமிழ்ல எத்தனையோ பேசுவ. அதெல்லாம் தூங்கறப்பச் சொல்லுவேன்." சில இடத்தில் மெஷின் தடுமாறிக் கண்டதையும் எழுதியது. செல்வி ரக்ஷிதா முகத்தைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் என்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தர்ஷினி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் உதடு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. தனக்குக் காது கேட்ட காலத்தில் தான் பேசிய மொழி ஒன்று இருந்தது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும்தான்.

பிறகு அந்த வரி வந்தது.

"டீச்சர்தான் கண்ணு சொன்னாங்க, தமிழ் பேசுனா உனக்குப் பேச்சு வராதுன்னு. அதனால வாயைக் கட்டிக்கிட்டேன்."

செல்வி என்னைக் குறை சொல்லவில்லை. மகளுக்கு விவரம் சொன்னாள், அவ்வளவுதான். தர்ஷினி அதைப் படித்தாள். மேலே ஓடிப் போன வரியை விரலால் கீழே இழுத்து மறுபடி படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"ஹௌதா மிஸ்?"

உண்மையா என்று கேட்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த குரலில், நான் சொல்லிக் கொடுத்த மொழியில். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மேடம் வைத்த சட்டம், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம், உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், இன்று நீ இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாயே என்று கூட வாய் வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வெளிச்சத்தில் முகம் தெரியும்படி நின்று, "ஹௌது" என்றேன். ஆமாம்.

அவள் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு போனைக் கையில் எடுத்து, மளமளவென்று கன்னடத்தில் எதையோ தட்டினாள். ரக்ஷிதா கை நீட்டி ஒரு பொத்தானைக் காட்டினாள். தர்ஷினி அதை அழுத்தினாள். போனிலிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"ஆசிரியரைப் பார்க்க வேண்டாம் அம்மா. என்னைப் பார்த்துப் பேசுங்கள்."

செல்வி திடுக்கிட்டுப் போனைப் பார்த்தாள், பிறகு பழக்கத்தில் என் பக்கம் திரும்பப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டு மகள் முகத்தைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.